அம்மா உடைத்த பலகை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், என் இடுப்பை மட்டும் அதில் சேர்க்காதே, அது கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விட்டது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் இருமாமல் தும்மாமல் இருக்க வேண்டும். போன வாரம் போனில், அம்மா வெளியே போறாங்களா இல்லையா, மழுப்பாம சொல்லுங்கப்பா என்று அதட்டினாய். அவள் பக்கத்திலேயே இருந்ததால் மழுப்பினேன். பைக்கில் வந்தவன் கைப்பையைப் பறித்துக்கொண்டு போன நாளிலிருந்து அவள் தனியாகத் தெருவில் கால் வைக்கவில்லை, ஜன்னலோர நாற்காலியே கதி என்று இருந்தாள். விழுந்ததில் முட்டியில் பட்ட காயம் ஆறிவிட்டது. பை போனதைவிட, அந்த நேரத்தில் வாயைத் திறந்து கத்தக்கூட முடியலையே என்பதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. என்னிடம் கத்த மட்டும் குரல் எங்கிருந்து வருகிறது என்று கேட்க நாக்கு துடித்தது, உயிர்மேல் ஆசை இருந்ததால் கேட்கவில்லை.

அப்போதுதான் நம் தச்சுப் பட்டறைக்குப் பின்தெருவில், டயர் கடை மாடியில், டேக்வாண்டோ வகுப்பு ஆரம்பித்தார்கள். கொரியாக்காரர்களின் தற்காப்புக் கலையாம். மாஸ்டர் உன் வயசுப் பெண், பகலில் பல் டாக்டரிடம் வேலை, சாயங்காலம் உதைக்கக் கற்றுத் தருகிறாள், ஆக எப்படிப் பார்த்தாலும் வருமானம் குறையாது. நீங்களும் வந்தால்தான் நான் வருவேன் என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். வெள்ளை உடுப்பைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன், உறை மாட்டிய தலையணையை நடுவில் கயிறு போட்டுக் கட்டிய மாதிரி இருந்தது. காலைத் தூக்குங்க அங்கிள் என்றால் எனக்கு மூச்சுத்தான் மேலே போகிறது. முதலில் ஒருவருக்கொருவர் குனிந்து வணங்க வேண்டும், பிறகு எல்லோரும் சேர்ந்து மரியாதை, நேர்மை, விடாமுயற்சி, தன்னடக்கம், தளராத மனம் என்று உரக்கச் சொல்ல வேண்டும். உதைக்கும்போது அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வேறு. நான் போட்ட சத்தத்தில் டயர் கடைக்காரர் யாருக்கோ நெஞ்சுவலி என்று தண்ணீர் பாட்டிலோடு மாடியேறி வந்துவிட்டார். உன் அம்மாவுக்கோ சத்தமே வரவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு உதைப்பாள். வரும்போது வரட்டும் ஆன்ட்டி என்று மாஸ்டரும் விட்டுவிட்டாள்.

வெள்ளை பெல்ட்டிலிருந்து மஞ்சள் பெல்ட்டுக்கு ஏறப் பரீட்சை வந்தது. காலால் ஒரு பலகையை உடைக்க வேண்டும், பலகைகளைச் செய்யும் வேலை வேறு யாருக்கு, எனக்குத்தான். பலகை உடையாமல் போனால் இவள் மறுபடி ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவாளோ என்று பயந்தேன். அதனால் அவளுடையதை மட்டும் பின்பக்கம் நடுவில் இழைத்து இழைத்து பிஸ்கட் மாதிரி ஆக்கிவிட்டேன், ஓரத்தைத் தொடவில்லை, பார்த்தால் தெரியாது. அன்றைக்கும் நேர்மை என்று எல்லோரையும்விட உரக்கச் சொன்னவன் நான்தான். பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நானே. அவள் என் முகத்தைப் பார்த்தாள். கிட்டே வந்தாள். பலகையை வாங்கிக் கையில் தூக்கி எடை பார்த்தாள். எத்தனை வருஷமாக என் பட்டறையில் பலகை தூக்கிப் போட்டவள், அவளிடமா என் வேலை? திருப்பிக்கூடப் பார்க்காமல், இது உங்க பலகை, எனக்கு என் பலகையைக் கொடுங்க என்றாள், அத்தனை பேர் முன்னாலும். மாடியே சிரித்தது. வேறு பலகை வந்தது. எனக்குக் குனிந்து வணங்கிவிட்டு உதைத்தாள், உடையவில்லை, என் மணிக்கட்டுதான் விண்ணென்றது. போச்சு என்று நினைத்தேன். இரண்டாவது உதைக்குக் கூடவே வந்ததே ஒரு சத்தம், அம்மாடி, அன்றைக்குத் தெருவில் தொண்டையிலேயே நின்றுபோனது மொத்தமும் சேர்ந்து வந்த மாதிரி! பலகை எப்படி உடைந்தது என்று என்னைக் கேட்காதே, நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். திறந்தபோது அவள் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், இனிமே எனக்காகப் பயப்படாதீங்க என்று மெதுவாகச் சொன்னாள். அவளுக்கு மஞ்சள் பெல்ட். எனக்கு இல்லை. அங்கிளுக்கு நேர்மைல இன்னும் கொஞ்சம் பயிற்சி வேணும் என்று மாஸ்டர் சொல்லிவிட்டாள்.

நீயும் நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னால் கூனிக்கொண்டு உட்காராதே, எழுந்து கையைக் காலை ஆட்டு, உன் உடம்பு வாகு என்னுடையது, முப்பது தாண்டினால் காட்டிக்கொடுத்துவிடும். இருவரும் நோய் நொடியில்லாமல், சண்டை போட்டாலும் சாப்பிடுவதற்குள் சமாதானமாகி, நூறு வருஷம் நன்றாக இருங்கள். பலகை விஷயத்தை மாப்பிள்ளையிடம் சொல்லித் தொலைக்காதே, அவர் கண்ணில் எனக்கு இருக்கும் மரியாதையே கொஞ்சம்தான். இதோ உன் அம்மா செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள், கடிதத்தை அவளே தபாலில் போடுவாளாம், பை பறிபோன அதே தெரு வழியாக, தனியாக. நானும் வரட்டுமா என்றேன், பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டேன். இது உன் கைக்கு வந்து சேர்ந்தால், அவள் தனியாகவே போய்த் தபாலில் போட்டுவிட்டாள் என்று அர்த்தம்.

அன்புடன்,
இன்னும் வெள்ளை பெல்ட்டிலேயே இருக்கும் உன் அப்பா