தூய ஆஸ்வால்டு ஆலயச் சுவரில் இருப்பது நான் பதித்த கண்ணாடி அல்ல

அனுப்புநர்:
கத்பர்ட் ரிம்மர் (வயது 83),
9, கில்ன் தெரு,
தோர்ன்கிளஃப், லங்காஷயர்.

பெறுநர்:
மேதகு ஆயர் அவர்கள், ஆயர் இல்லம்.
(வேறு யாரும் பிரிக்க வேண்டாம்)

பொருள்: ஆலயத்தை இடிப்பதற்குச் சாட்சியாகக் காட்டப்படும் உடைந்த கண்ணாடி பற்றி.

பெருமதிப்பிற்குரிய ஆண்டகை,

1. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுபவர் பக்கத்து வீட்டு வினிஃபிரெட் டூட்டல். எழுதியதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னேன். "என்னையுமா சந்தேகப்படுறீங்க?" என்று கோபித்துக்கொண்டார். ஆம் என்றேன். அதையும் எழுதச் சொன்னேன்.

2. 1958-ல் இந்த ஆலயம் எழும்பியபோது நான் சித்தாள். எல்லோர் கண்ணிலும் பீடம் பட வேண்டும் என்று நடுவில் ஒரு தூண்கூட வைக்காமல் கட்டினோம். அடியில் நிலக்கரிச் சுரங்கம் ஓடியதால், மறு வருடமே பாடகர் மாடத்து மேற்குச் சுவரில் விரிசல் விட்டது. மேஸ்திரி பாம்பர் அதன் குறுக்கே கண்ணாடித் துண்டு வைத்துப் பூசச் சொன்னார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். பதிப்பவன் தன் பெயரை அதில் கீற வேண்டும். எனக்கு எழுத வராது என்றேன். "பேரு வரலன்னா வாத்துக் காலையாவது போட்டுத் தொலைடா. நீ நடக்குறதே அப்படித்தானே!" என்றார். ஆணியால் மூன்று கோடு கீறினேன்.

3. 1967-ல் சுரங்கத்தை மூடினார்கள். அதன்பின் ஒவ்வொரு உயிர்ப்பு ஞாயிறும் மாடமேறிப் பார்த்து வருகிறேன். இந்த வருடமும் பார்த்தேன். கண்ணாடி முழுசாக இருந்தது.

4. சென்ற மாதம் கட்டட ஆய்வாளர் திரு. பென்ஹேலின் அறிக்கையைப் பங்குத்தந்தை கெராட்டி பூசையில் வாசித்தார். கண்ணாடி உடைந்துவிட்டதாம், சுவர் நகர்கிறதாம், கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக்காலம் தொடங்குமுன் ஆலயத்தைப் பூட்டி, பிறகு இடிப்பார்களாம்.

5. மறுநாளே ஏறினேன். உடைந்த கண்ணாடி இருந்தது. ஆனால் மெல்லிசு. நாங்கள் பூசியது நிலக்கரிச் சாம்பல் கலந்த கறுப்புச் சாந்து, இதிலோ வெள்ளைச் சாந்து. உடைந்த இரண்டு பாதியிலும் விரலால் தடவினேன். என் கோடுகள் இல்லை. அங்கிருந்த திரு. பென்ஹேல், "கண்ணாடியெல்லாம் ஒண்ணுதான் தாத்தா. படி செங்குத்து, பாத்து எறங்குங்க" என்றார். மாடத்துச் சாவி அதற்கு முந்தின வாரம் இரண்டு நாள் அவரிடம் இருந்தது. அதே வாரம் ஆலயப் புல்வெளியில் இருவர் நாடா பிடித்து அளந்தார்கள். எதற்கு என்று கேட்டேன். "சும்மாதான்" என்றார்கள். சும்மா அளப்பவர்களை நான் பார்த்ததில்லை. யார் மாற்றியது என்று சொல்ல எனக்குச் சாட்சி இல்லை. மாறியிருக்கிறது, அது நிச்சயம்.

6. கட்டி முடித்த நாள் முதல் என் நல்லது கெட்டது எல்லாம் அந்தக் கூரைக்குக் கீழேதான் நடந்தது. என் அடக்கப் பூசையும் அங்கேதான் என்றிருக்கிறேன். ஆகவே மாடத்துச் சாவியைத் தாங்களே வாங்கி வைத்துக்கொண்டு, வேறு ஊர்ப் பொறியாளர் ஒருவரை அனுப்பிப் பார்க்கும்வரை ஒரு செங்கல்லையும் யாரும் தொடாதபடி உத்தரவிட மன்றாடுகிறேன்.

7. கடைசியாக ஒன்று. அந்த விரிசலின் மேல் பாம்பர் என்னைப் பதிக்கச் சொன்னது இரண்டு கண்ணாடி. இரண்டாவது இன்றும் முழுசாக இருக்கிறது. எங்கே என்று இதில் எழுதச் சொல்லவில்லை, வினிஃபிரெட்டுக்கும் சொல்லவில்லை. ஆண்டகை நேரில் வந்தால் காட்டுகிறேன். கீழே நான் இட்டிருக்கும் குறியை அதிலுள்ள குறியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இடம்: தோர்ன்கிளஃப்
நாள்: 14 அக்டோபர் 2024

இப்படிக்கு,
தங்கள் பங்குமகன்

\ | /
(கத்பர்ட் ரிம்மர் தன் கையால் இட்ட குறி)