பையானின் காலை வாரியது

அக்கா,

பரண்மேல் இருந்து உன் சார்ட் பேப்பர் உருண்டு என் தலையில் விழுந்தது. பிரித்தால் ஸ்கெட்ச் பேனா வாசனை இன்னும் இருக்கிறது. போன மழையில் அந்தக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனபின் அதை யாரும் தொடவில்லை. இன்று மாலை, நீ பேசிய அதே தாராவி மன்ற மேடையில், இதே சார்ட்டை வைத்து நான் பேச வேண்டுமாம். நடுவில் பேச்சு நின்றுவிட்டால்?

உனக்கும் அன்று பயம்தான். ஆங்கிலத்தில் இயற்பியலை வெளுத்துக்கட்டுகிற உனக்குத் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் நீ சொல்லச் சொல்ல, சார்ட்டில் எழுதியவன் நான். இரண்டு கனமான அணுக்கருக்கள் பெரும் வேகத்தில் உரசி மோதும்போது ‘பையான்’ என்னும் துகள்கள் பிறக்கின்றன என்றாய். துணைக்காலோடு ஒரு சொல் கிடைத்தால் நான் விடுவேனா? பையானின் காலை வாரினேன்.

மேடையில் நீ வாசித்தாய்: “மோதலில் ஏராளமான பையன்கள் பிறக்கின்றன.”

முன்வரிசையில் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் அத்தை எழுந்தேவிட்டாள்.

“ஏட்டி, அம்புட்டும் பையனா? ஒரு பொம்பளப்புள்ள கூடவா பொறக்கல?”

மன்றமே சிரித்தது. நான் ஓடுவதற்குச் செருப்பைத் தேடினேன். நீயோ சார்ட்டை விட்டுத் திரும்பி நின்றாய். பயம் எங்கே போனதோ.

“பொறக்கலத்தே. ஆனா பையன்ல ரெண்டு வகை. மோதாம ஓரமாப் போற அணுக்கருத் துண்டு இருக்குல்லா, அதுல பாசிட்டிவ் மின்சாரம். பாசிட்டிவ் பையன் வந்தா தள்ளிவிட்டுரும். நெகட்டிவ் பையன்னா கிட்ட இழுத்துக்கிடும்.” விரல் என் பக்கம் நீண்டது. “அந்தா முழிக்கான் பாருங்க, நெகட்டிவ்!”

வீடு திரும்பும்போது பத்தடி பின்னாலேயே வந்தேன். அடி விழும் என்று நினைப்பு.

“கிட்ட வாலே. டென்ஷன் மத் லே, லே” என்றாய். பதறாதே என்றுதான்; முதல் லே இந்தி, இரண்டாவது திருநெல்வேலி. தோளில் கைபோட்டுக்கொண்டு, “அந்தப் பையன் போற வழி எம்புட்டு வளைஞ்சிருக்குன்னு பாத்தா, அந்தத் துண்டுக்கு எம்புட்டுக் கிட்ட பொறந்துச்சுன்னு சொல்லிரலாம்லே” என்றாய். நான் வடாபாவ் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் மட்டும் விழுந்திருக்கிறது.

இப்போது அம்மா பேனாவை நீட்டுகிறாள். “அந்தக் காலைப் போட்டுருலே, சிரிப்பாவ.”

போடவில்லை. சிரிக்கட்டும்.

அத்தை இன்றைக்கும் முன்வரிசைதான். அதே கேள்வியைக் கேட்காமல் விடமாட்டாள். ஒரு பொம்பளப்புள்ள கூடவா பொறக்கல? பதிலைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நடுவில் நிற்காமல் வரும்வரை:

“பொறந்தாளே அத்தே. எனக்கு முன்னாடியே. ரொம்பக் கிட்ட. நான் வளைஞ்சிருக்கதப் பாத்தா தெரியல?”