கேட்காமல் நீக்கியது

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? நான் நலம்.

எங்கள் விடுதிக் கணினியில் இருப்பது மிகச் சிறிய இயங்குதளம். மென்பொருள்களைச் சேர்க்கவும் நீக்கவும் அதில் ஒரு குட்டிக் கருவி உண்டு. ஒன்றை நீக்கச் சொன்னால், வேறெதற்காவது அது வேண்டுமா என்று கேட்காமலே நீக்கிவிடும். நேற்று இடம் போதாமல் ஒரு மென்பொருளை நீக்கினேன். பெரிய வகுப்பு அக்கா போட்டிக்காக எழுதிய நிரல் அதை நம்பித்தான் ஓடியதாம்.

"நாளைக்குப் போட்டி, இன்னைக்கா உன் மேதாவித்தனத்தைக் காட்டுவ?" என்று பின்னலைப் பிடித்து என் முகத்தை மேசையில் மோதினாள். மின்கம்பியைச் சுருட்டி முதுகில் விளாசினாள். ரத்தம் கொஞ்சம்தான். மூக்கைப் பொத்திக்கொண்டே நீக்கியதைத் திரும்பச் சேர்த்தேன். நிரல் ஓடும்வரை என் பின்னலை அவள் விடவில்லை.

என் பழைய கண்ணாடியை அனுப்புங்கள், புதியது உடைந்துவிட்டது. முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளட்டுமா அம்மா? உங்களைக் கேட்காமல் வெட்ட மாட்டேன்.

மணி அடிக்கிறது.

உங்கள் மகள்