வாய்க்குப் பூட்டு

கோபம் இன்னும் ஆறாத உங்களுக்கு,

இங்கு நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டேன். இருப்புக் கொள்ளவில்லை. "உன் வாய்க்கு ஒரு பூட்டுதான் போடணும்" என்று போனை வைத்தீர்களே, அதற்கப்புறம் நான் கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதே இல்லை. அதனால்தான் கடிதம்.

என் கழுத்தில் இருக்கும் கட்டியை எடுத்துவிட வேண்டுமாம். அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆபரேஷன். பயப்படும்படியான கட்டி இல்லை என்றார்கள். பாப்பாவைத் தங்கை பார்த்துக்கொள்வாள்.

நேற்று மயக்க மருந்து டாக்டரைப் பார்த்தேன். சின்னப் பெண். வாயை நன்றாகத் திறக்கச் சொன்னார். பல் டாக்டரை விட்டால், பிறந்ததிலிருந்து என்னை வாயைத் திறக்கச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். ஆடுகிற பல் உண்டா, குறட்டை உண்டா என்று கேட்டார். குறட்டையைப் பற்றி உங்களைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.

பல் பிடுங்கியபோது போட்ட மாதிரி அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டால் போதாதா என்று கேட்டேன். அன்று கோணல் வாயோடு வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தவள் நான். இல்லையென்றால் பாப்பா பிறந்தபோது முதுகில் போட்டார்களே, அது? இடுப்புக்குக் கீழே கட்டை மாதிரி கிடந்தது. ஆனால் அவளுடைய முதல் அழுகையை நான் கேட்டேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "அது இடுப்புக்குக் கீழதான் வேலை செய்யும். இது கழுத்தும்மா. முழுசாத் தூங்க வச்சு, மூச்சுக்குத் தொண்டையில குழாய் விடணும். நீங்க முழிக்கிற வரைக்கும் நான் பக்கத்துலயே இருப்பேன்."

அவர் இருப்பார். நான் இருக்க மாட்டேனே, அதுதான் எனக்குப் பயம்.

இன்னொன்றும் இருக்கிறது. குரலுக்குப் போகிற நரம்பு கட்டியை ஒட்டித்தான் ஓடுகிறதாம். சில நாள் கரகரக்கலாம், அபூர்வமாகச் சிலருக்குப் பழைய குரல் திரும்பாமலும் போகலாம் என்று ஆபரேஷன் செய்யும் டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். பேருந்து நிலையத்தில் மைக்கைப் பிடித்து வயிறு வளர்ப்பவளிடம்! இன்று காலை ஏழாம் நடைமேடை வண்டியை ஒன்பதாம் நடைமேடை என்று அறிவித்துவிட்டேன். ஒரு கூட்டமே மூட்டை முடிச்சோடு ஓடியது, என்னைத் திட்டிக்கொண்டே திரும்பியது.

நீங்கள் லீவு போட்டு வர வேண்டாம். புதன்கிழமை சாயங்காலம் நான் கூப்பிடும்போது மட்டும் போனை எடுங்கள். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். நான் பேசுவதைக் கேளுங்கள், பழைய சண்டையாகவே இருந்தாலும். எந்தக் குரலோடு கண் விழிப்பேனோ தெரியாது. இந்தக் குரல் உங்கள் காதிலாவது இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி