உள்ளங்கைச் சூட்டில் இளகும் கட்டி

புன்டா அரேனாஸ்

அன்புள்ள எலீஹியோ,

நீங்களும் குழந்தை யமில்காவும் நலமா? நம் ஊர் ஹராபகோவாவில் மழை நின்றதா? இடுப்புவலியோடு தேனீப் பெட்டிகளைத் தனியாகத் தூக்காதீர்கள். நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது. இப்போது சரியாகிவிட்டது, பயப்படாதீர்கள். மீன் ஆலையில் ஐஸ் தண்ணீரிலேயே வேலை செய்து என் கைகள் வெடித்துவிட்டன. "ரத்தம் வர்ற கையோட மீனைத் தொடக் கூடாது. ஆறலேன்னா வேற ஆளைப் போட்டுருவேன்" என்று மேற்பார்வையாளர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கடையில் வாங்கிய களிம்பு எரிச்சலைத்தான் கொடுத்தது.

அப்போதுதான் நான் கிளம்பும்போது நீங்கள் என் துணிப்பெட்டியில் வைத்த தேன்மெழுகு நினைவுக்கு வந்தது. அதோடு கொக்கோ வெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் சம அளவு சேர்த்து, கொதிக்கும் நீரின்மேல் கிண்ணம் வைத்து உருக்கி, சின்னச் சின்னக் கேக் அச்சுகளில் ஊற்றி, கட்டிகளாக ஆறவைத்தேன். வாசனையை நம்பி, என் அறைத்தோழி எதெல்மிரா சாக்லேட் என்று ஒன்றைக் கடித்துவிட்டாள்.

"அடிப்பாவி, என்னடி இது, மெழுகுவத்தியா?" என்று துப்பினாள். பிறகு, "ஆனா உதடு நல்லா வழுவழுன்னு இருக்குடி" என்று அவளே இன்னொன்றை எடுத்துக்கொண்டாள்.

உள்ளங்கைச் சூட்டில் கட்டி மெல்ல இளகும். தினமும் தேய்த்து, கையுறை மாட்டிக்கொண்டு தூங்கினேன். வெடிப்புகள் மூடின. மேற்பார்வையாளர் என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாளைக்கு வந்துரு. எனக்கும் ஒரு கட்டி கொண்டா" என்றார்.

இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். இன்னும் மெழுகு அனுப்புங்கள். உடைந்தாலும் பரவாயில்லைதான், இருந்தாலும் உங்கள் பழைய சட்டையில் சுற்றி அனுப்புங்கள். ஆலை பஸ் வந்துவிட்டது, ஓடுகிறேன். சட்டையைத் துவைக்க வேண்டாம்.

உங்கள்
நெரெய்தா