பந்து வராத பக்கம்

பண்ணைக்காடு,
2.3.1958

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் நம் மகள் அன்னக்கொடியும் நலம். காப்பிப் பழம் பறித்து முடிந்தது.

பம்பாயில் நீங்கள் ஆடிய ஹாக்கி இறுதி ஆட்டத்தைப் பஞ்சாயத்து ரேடியோவில் ஊரே கேட்டது. இங்கிலீஷில் சொன்னதால் எனக்கு உங்கள் பெயர் மட்டும்தான் புரிந்தது. என் வாயால் சொல்லக்கூடாத பெயரை ரேடியோ ஓயாமல் சொன்னது. கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது. நீங்கள் கோல் போட்டபோது அன்னக்கொடியைத் தூக்கிச் சுற்றினார்கள்.

இடைவேளைக்குப் பிறகு மைதானமே ஒருமுறை அலறியது. அதன்பின் உங்கள் பெயர் வரவேயில்லை. இங்கிலீஷ் தெரிந்த இராமலிங்கம் வாத்தியாரைப் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஒண்ணுமில்ல தாயி, பந்து அவுக பக்கம் வரல, அம்புட்டுத்தான்" என்றார். கோப்பை உங்களுக்குத்தான் என்று எல்லோரும் வெடி போட்டார்கள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து நேற்றுதான் உங்கள் கடிதம் வந்தது. சோலி நிறைய இருப்பதால் இந்த வருஷம் ஊருக்கு வர முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன சோலி என்று நான் கேட்கவில்லை. உறையில் இருந்த ஆஸ்பத்திரி முத்திரையைத் தபால்காரரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

மச்சிலிருந்த கட்டிலைக் கீழே முன்னறையில் போட்டுவிட்டேன். பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீடு வரை ஏற்றம் என்பதால் ஜீப்புக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். ஏனென்று கேட்டவர்களிடம், "அவுக பொட்டி கனமா இருக்கும்" என்றேன்.

வெரசா வாருங்கள். பெட்டிகூட வேண்டாம், நீங்கள் வந்தால் போதும்.

வழி பார்த்திருக்கும்
உங்கள் வீட்டுக்காரி