நாற்பது கழிச்ச பசு

ஞாயிறு, ஆவணி 2009

மாவடிப்பள்ளி ஆமினா றாத்தாட பசுவுக்கு இண்டைக்கு ரெண்டாம் தரமும் வயிற்றை வெட்டித்தான் கன்றை எடுத்தன். முதல் தரம் வெட்டினதும் நான்தான். குடல் காயாமல் இளஞ்சூட்டு உப்புத் தண்ணி ஊத்தி, ஈரக் கையாலதான் தொட்டன். இண்டைக்குத் திறந்தால் கர்ப்பப்பையும் குடலும் வயிற்றுச் சுவரும் ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கிடக்கு. கத்தி வைக்க இடமில்ல. கன்று தப்பினது அல்லாஹ்ட உதவி.

தையல் போட்டு முடிச்சுக் கேட்டன். "றாத்தா, போன தரம் வெட்டின அடுத்த நாளே நடக்க விடச் சொன்னேனே, விட்டீங்களா?"

"என்ன கதை டொக்டர் இது? பச்ச உடம்பெல்லுவா? பிள்ளை பெத்தவளைப் போலத்தான் பார்த்தன். நாற்பது நாள் கழியுமட்டும் கொட்டிலை விட்டு வெளிய விடல்ல."

பெருமையாச் சொன்னா. நடந்தால்தானே குடல் அசையும், ஒட்டுறது குறையும்.

கோபப்படவும் முடியல்ல. என்ட வயிற்றை வெட்டி மகனை எடுத்த பிறகு மாமியும் என்னை அப்படித்தான் வெச்சிருந்தா. வயிற்றை இறுக்கிக் கட்டி, நாற்பது கழியுமட்டும் கட்டிலை விட்டு இறங்க விடல்ல. அன்பாலதான். அந்த மகனைச் சுனாமியில கடல் கொண்டுபோச்சு. அதுக்குப் பிறகு எனக்கு ஒண்டும் தங்கல்ல. ஸ்கேன்ல ஒரு குறையுமில்லையாம். அல்லாஹ்ட நாட்டம் எண்டு எல்லாரும் சொல்ல, நானும் அப்படித்தான் நினைச்சிருந்தன்.

பசுவைத் திறந்தபடியால் உள்ளுக்கு ஒட்டிக் கிடந்தது தெரிஞ்சுது. என்னை ஆரும் திறந்து பார்க்கல்ல.